கார்டுக்கு ஏற்ற முகம்

முகத்தில் பருக்குழி உள்ளவர்களுக்கு இப்போதெல்லாம் என்னென்னவோ வைத்தியம் வந்துவிட்டது. ஊசியால் குத்திக் குத்தியே மேடாக்குகிறார்களாம், ஒளியைப் பாய்ச்சுகிறார்களாம், அமிலம் தடவி மேல்தோலை உரிக்கிறார்களாம். கோலசிலாங்கூர் கடைத்தெருவில் ஒரு கிளினிக் வாசலில் 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படம் ஒட்டியிருக்கிறார்கள். முன்பு படத்தில் இருக்கிறவள் உம்மென்று இருக்கிறாள், பின்பு படத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். எனக்கு இது தலைகீழாக நடந்தது. முதலில் பின்பு வந்தது, அப்புறம்தான் முன்பு வந்தது. அதுவும் மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலத்தில், சர்க்கார் உபயத்தில்.

நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மா, அண்ணன், அண்ணி, நான், நாலு பேரும் பால்மரம் வெட்டினோம். அப்பா இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் பெயரை எழுதிக்கொண்டு சயாமில் ரயில் பாதை போடக் கூட்டிப் போனார்கள்; போனவர் போனவர்தான். அதிலிருந்து காகிதமும் பேனாவுமாக யாராவது நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் பக்கம் வந்தாலே அம்மா எங்களை உள்ளே தள்ளிவிடுவாள். மலேரியாவுக்குக் கொய்னா கொடுக்கப் பெயர் எழுத வந்தவரிடம்கூட எங்கள் வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள், வாசலில் நின்றுகொண்டே.

வயதுக்கு வந்த கையோடு எனக்குக் கன்னத்தில் பரு கிளம்பியது. ஒன்று அடங்கும்போது அடுத்தது தலைகாட்டும். பால் வெட்டிக்கொண்டே, வியர்வை துடைக்கிற சாக்கில், பால் ஒட்டிய விரலால் கிள்ளிவிடுவேன். கிள்ளாதே என்று அடுத்த மர நிரையிலிருந்து அம்மா கத்துவாள். கையைக் கீழே போடுவேன். அவள் மரத்துக்குப் பின்னால் மறைந்ததும் மறுபடியும் கை மேலே போகும். கிள்ளியதற்குப் பலனாக இரண்டு கன்னமும் குழி குழியாகிவிட்டது. பரு போய்விட்டது, குழி போகவில்லை.

அம்மா இதை ஒருநாளும் வெளியாரிடம் ஒப்புக்கொண்டதில்லை. உன் மகள் மூஞ்சி ஏன் இப்படி என்று யாராவது கேட்டால் வெக்கை என்பாள். அடைமழைக் காலத்தில் கேட்டாலும் வெக்கைதான். ஆனால் என்னிடம் பேசும்போது அவள் கண் என் கண்ணில் நிற்காது, கன்னத்துக்கு இறங்கிவிடும். எனக்குச் சுருக்கென்று இருக்கும். பெற்றவளுக்கே நாம் வெட்கக்கேடாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கோபத்தில் இன்னும் இரண்டு பருவைக் கிள்ளுவேன்.

அவசரகாலம் வந்த கொஞ்ச நாளில், எல்லாருக்கும் படம் போட்ட அடையாளக் கார்டு கொடுக்கப் போகிறார்கள் என்று பெரட்டில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சொன்னார். பெரட்டு என்பது விடிவதற்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம். பெயர் எழுதுவார்கள் என்ற பேச்சைக் கேட்டதும் அம்மா அன்று சாப்பிடவில்லை. தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் வேறு கணக்குப் போட ஆரம்பித்தாள். எப்படியும் படம் எடுக்கப் போகிறார்கள். நம்மால் ஆகுமா ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுக்க? நாளைக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு இதையே காட்டலாமே?

படம் எடுக்க டவுனிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரரை வரவழைத்திருந்தார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டி ஒவ்வொருவராக உட்காரவைத்தார். என் முறை முடிந்ததும் அம்மா ஒரு பூசணிக்காயைக் கொண்டுபோய் அவர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குழி தெரியாமல் செய்ய முடியுமா என்று காதோடு கேட்டாள். அவர் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தார். பிலிமில் பென்சில் வேலை செய்தால் மூடிவிடலாம், கல்யாணப் படத்துக்கெல்லாம் அப்படித்தான் செய்கிறோம் என்றார்.

என் ஆயுசில் நான் பார்த்த வைத்தியர்களிலேயே கெட்டிக்காரர் அவர்தான். தொடாமல், வலிக்காமல், என் கன்னத்தில் இருந்த அத்தனை குழியையும் தூர்த்துவிட்டார். ஒரு பூசணிக்காய்க்கு அது பெரிய வேலை.

கார்டில் பெருவிரல் ரேகையும் வைக்கவேண்டியிருந்தது. காலையில் பால் எடுத்துவிட்டு நேராக வந்து நின்ற விரல் என்னுடையது. காய்ந்த பால் ஒட்டியிருந்ததால் ரேகை விழாமல் ஒரு மைப்பொட்டு விழுந்தது. எழுத வந்தவர் இன்னொரு தரம் அழுத்தச் சொன்னார். இன்னொரு பொட்டு விழுந்தது. பின்னால் வரிசை நீளமாக நின்றதால் போதும் போ என்றார்.

கார்டு கைக்கு வந்தபோது நான் அதைப் பாவாடை மடிப்பில் ஒளித்துவைத்துக் கொண்டேன். அதில் இருந்தவளுக்கு என் மூக்கு, என் சடை, என் சட்டை. கன்னம் மட்டும் வேறு யாருடையதோ. அண்ணி அவளைப் பட்டணத்துக்காரி என்பாள். பட்டணத்துக்காரி எழுந்துவிட்டாளா, பட்டணத்துக்காரிக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டு என் கன்னத்தை இடிப்பாள். எனக்குக் கார்டில் இருந்தவள்மேல் பொறாமையாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது. கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டு கார்டைப் பார்த்துத் தலை சீவ ஆரம்பித்தேன். வகிடு கோணலாகப் போனதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு லயத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது. தூரத்தில் தனியாக இருந்த லயங்களையெல்லாம் பிரித்து ஒரே இடத்தில் கட்டி, வேலி போட்டு, ஒரு கேட் வைத்தார்கள். வேலைக்குப் போகும்போது சோறு, மாவு, சர்க்கரை ஒரு சிட்டிகைகூட வெளியே போகக் கூடாது. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். பெண்களைச் சோதிக்க ஒரு பெண்ணே இருந்தாள். ஒருநாள் அவள் என் காது மடலுக்குப் பின்னால் விரலை விட்டு எதையோ சுரண்டி எடுத்தாள். முந்தின நாள் நான் முகத்தில் பூசிய பயத்தம் மாவு. மாவு கடத்துகிறேன் என்று என்னை ஓரமாக நிறுத்திவிட்டாள். ஒரு கம்யூனிஸ்டு என் காதை நக்கினால்தான் அது அவனுக்குக் கிடைக்கும் என்று அண்ணி சொன்னபிறகுதான் விட்டாள்.

கேட்டில் காவல் நின்ற எஸ்ஸி, அதாவது ஸ்பெஷல் கான்ஸ்டபிள் பையன்கள் முக்கால்வாசிப் பேர் எங்கள் லயத்துப் பையன்கள். சட்டையும் துப்பாக்கியும்தான் புதுசு. கார்டை நீட்டினால் பார்க்கவே மாட்டார்கள், போ போ என்பார்கள். பிறகு வேறு ஒரு தோட்டத்தில் யாரோ செத்துப்போன சித்தப்பாவின் கார்டை வைத்துக்கொண்டு நடமாடிப் பிடிபட்டான். அதோடு எங்கள் பையன்களை மாற்றிவிட்டுப் புதிதாக ஒரு மலாய்க்காரப் போலீஸ் சார்ஜனைக் கொண்டுவந்தார்கள். கம்போங் குவாந்தான் கிராமத்துக்காரர். சாதுவான மனிதர்தான், ஆனால் கார்டைப் படிக்கிறவர். விளக்கைத் தூக்கிப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

இது யார் என்று மலாயில் கேட்டார். நான்தான் என்றேன். இல்லை, உன் தங்கச்சி என்றார். எனக்குத் தங்கச்சி இல்லை என்றேன். அப்படியானால் இது யார் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கார்டைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். அடுத்த வாரம் கோலசிலாங்கூரிலிருந்து அதிகாரி வருகிறார், அவர் பார்த்துச் சொல்லும்வரை இந்தப் பெண் கேட்டைத் தாண்டக் கூடாது என்றார்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அடுத்தவர் கார்டு வைத்திருந்தவர்களை லோரியில் ஏற்றிப் போனதைப் பார்த்திருக்கிறோம். சிலரை முள்கம்பி முகாமில் வைத்தார்கள், சிலரை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். நான் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவள். ஆனால் அதைச் சொல்வதற்கு என் கையில் இருந்தது அந்தக் கார்டு ஒன்றுதான், அதுவும் இப்போது சார்ஜன் சட்டைப்பையில். அம்மா வேலைக்குப் போகவில்லை. வாளியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கிராணி வீட்டுக்கு நடந்தாள்.

கிராணி நல்லவர், ஆனால் சட்டம் பேசுவதில் ருசி கண்டவர். கார்டு சர்க்கார் சொத்து, அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்றார். படம்தான் தப்பு என்று சொல்லலாமே என்று அம்மா இழுத்தாள். சொல்லலாம், படத்தை மாற்றச் சொன்னது யார் என்று கேட்பார்கள். சொன்னவள் உள்ளே, செய்தவன் உள்ளே. உனக்குத் தெரிந்து யாராவது அப்படிச் செய்தார்களா என்று அம்மாவை உற்றுப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு, இல்லை, வெக்கை என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பங்கரைக்குப் போய் அடுப்பை மூட்டினாள். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு, தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"கார்டுல கைவைக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு. மூஞ்சில கைவைக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

இப்படித்தான் என் வைத்தியம் ஆரம்பமானது. ஊர் உலகத்தில் அழகுக்காக முகத்துக்கு மருந்து போடுவார்கள். நாங்கள் போலீசுக்காகப் போட்டோம். அடுத்த வாரத்துக்குள் நான் பட்டணத்துக்காரி ஆகியாக வேண்டும்.

முதலில், வேலிக்குள் இருந்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுக்கிற டிரஸ்ஸரிடம் போனோம். அவரிடம் எல்லா வியாதிக்கும் மூன்றே மருந்து: காய்ச்சலுக்குக் கொய்னா, புண்ணுக்கு மஞ்சள் தண்ணி, மற்றதுக்கெல்லாம் பேதி மருந்து. என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, இது வியாதி இல்லை, வியாதி வந்துபோன தடம், தடத்துக்கு மருந்து கிடையாது என்று உண்மையைச் சொன்னார். அம்மா நகரவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு கந்தகக் களிம்பை எடுத்துக் கொடுத்தார். பூசிக்கொண்டு படுத்தேன். நாற்றம் தாங்காமல் அண்ணனும் அண்ணியும் வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்கள். விடிந்தபோது குழி அப்படியே இருந்தது, மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது.

அடுத்தது பாலும் எலுமிச்சையும். பசும்பாலுக்கு எங்கே போவது? அம்மா டின் பாலை எடுத்தாள். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களுக்குப் பால் டின்னைக் கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், பதுக்கிவைத்துக் காட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்று. ஓட்டை போட்ட டின் கெடுவதற்குள் தீர்க்கவேண்டும். நான்தான் தீர்த்தேன், கன்னத்தால். சர்க்கரை போட்ட பால் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவில்லை. எறும்புக்கு நினைவிருந்தது.

பிறகு பத்தாங் பெர்ஜுந்தாயில் மளிகைக்கடை வைத்திருந்த நாகூர்ப் பக்கத்து பாய் ஒருவரிடமிருந்து அண்ணி ஒரு ஸ்னோ டப்பா வாங்கிவந்தாள். துரைசானிகளெல்லாம் இதைத்தான் பூசுகிறார்கள் என்று பாய் சொன்னாராம். துரைசானிகளுக்கு வெள்ளையாகத் தெரிகிறது எங்களுக்குச் சாம்பலாகத்தான் தெரியும் என்பதை அவர் சொல்லவில்லை. பூசிக்கொண்டு வெளியே வந்தேன். காய்ச்சலா என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. பாசாரில் ஒரு மலாய் மாது பெடாக் செஜுக் விற்பதைப் பார்த்து அம்மா வாங்கிவிட்டாள். அரிசியை நாள்கணக்கில் ஊறவைத்து அரைத்து, சின்னச் சின்ன உருண்டையாகக் காயவைத்த முகப்பூச்சு அது. கேட்டில் சார்ஜன் பொட்டலத்தைப் பிரித்தார். ரேஷனுக்கு மேல் அரிசிச் சாமான் உள்ளே வரவும் கூடாதே, போச்சு என்று அம்மா நினைத்தாள். அவர் ஒரு உருண்டையை எடுத்து முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. என் தாயார் இதைத்தான் செய்து விற்கிறார் என்றார். சும்மா தண்ணீரில் கரைக்காதே, பன்னீரில் கரை, கெட்டியாகப் பூசு, காய்ந்ததும் கழுவு, தழும்புக்கு நல்லது என்று வழியும் சொல்லி அனுப்பினார். என்மேல் குற்றம் சாட்டியவரே அதை மறைப்பதற்கு மருந்தும் சொன்ன கதை இது. அம்மா அவருக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டாள்.

பெடாக் செஜுக் குளுகுளுவென்று இருந்தது, உண்மை. கெட்டியாகப் பூசினால் குழியும் கொஞ்சம் நிரம்பியது. ஆனால் சிரித்தால் விரிசல் விட்டது. அதிகாரி முன்னால் சிரிக்காமல் இருந்தால் போதாதா என்று நான் கேட்டேன். அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. அவளிடம் வேறு ஒரு யோசனை இருந்தது, அதுதான் எல்லாவற்றிலும் பெரிய யோசனை.

பால் வெட்டுகிற எங்களுக்கு விரலிலும் மணிக்கட்டிலும் எப்போதும் ரப்பர் பால் காய்ந்து தோல்போல ஒட்டியிருக்கும். வேலை முடிந்து வரும் வழியில் அதை உரித்துக்கொண்டே வருவோம். உரித்த இடம் வெளுத்து வழவழவென்று இருக்கும். அண்ணி தன் புறங்கையைக் காட்டினாள்.

"பாரு, எப்படி இருக்கு! கைக்கு ஆவுறது கன்னத்துக்கு ஆவாதா? டிரஸ்ஸரு என்ன டிரஸ்ஸரு, நம்ம கையிலயே மருந்து ஒட்டிக்கிட்டு இருக்குலா."

அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது, அதைத்தான் இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. அண்ணி தேத்தண்ணி போத்தலில் புதுப்பால் கொண்டுவந்தாள். தாடையிலிருந்து நெற்றிவரை விரலால் தடவினாள். கன்னத்துக்கு மட்டும் போதுமே என்றேன். அரைகுறையாகச் செய்தால் நிறம் மாறித் தெரியும் என்றாள். காயக் காய முகம் இறுகியது. பேச முடியவில்லை, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அண்ணி தாடைக்குக் கீழே நகத்தைக் கொடுத்து ஓரத்தைத் தூக்கி, மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கோப்பையில் ஒட்டிய பாலை இழுப்பதுபோல் ஒரே இழுப்பாக இழுத்தாள்.

நான் போட்ட சத்தத்தில் கேட்டிலிருந்து ஒரு காவல்காரன் துப்பாக்கியோடு ஓடிவந்துவிட்டான்.

கன்னம் சிவந்து வீங்கியது. குழி ஒன்றுகூடக் குறையவில்லை. அண்ணி கையில் என் முகம் முழுசாக, ரப்பரில், குழிக்குப் பதில் முத்து முத்தாகப் புடைத்துக்கொண்டு தொங்கியது. அதில் இரண்டு புருவமும் அச்சாக இருந்தன. என் முகத்தில்தான் அவை இல்லை.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. நானும் கண்ணாடியைப் பார்த்தேன். அழவேண்டிய நேரம்தான், ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதிகாரி வருவது மறுநாள்.

விடிவதற்கு முன்னால் அண்ணி எனக்கு மையால் இரண்டு புருவம் வரைந்தாள். அரையிருட்டில் ஒன்று கொஞ்சம் மேலே போய்விட்டது. வீக்கத்தை மறைக்கப் பெடாக் செஜுக்கை அப்பினாள். பெரட்டுக்கு நான் நடந்துபோனபோது எங்கள் லயத்து நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது.

அதிகாரி வெள்ளைக்காரர். வயது அதிகம் இருக்காது, மீசைகூடச் சரியாக வரவில்லை. பெரட்டுக் களத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்கக் கிராணி. எதிரில் வரிசை வரிசையாக முழுத் தோட்டமும். சார்ஜன் என் கார்டை மேசையில் வைத்தார். அதிகாரி கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. மேலே போன புருவம் இறங்கத் தொடங்கியது; கண்ணோரம் கரிய தண்ணீர் வழிவதை நான் உணர்ந்தேன். துடைத்தால் எல்லாம் போய்விடும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்பாவையும் இதே களத்திலிருந்துதான் லோரியில் ஏற்றினார்கள்.

இவள் அவள்தானா என்று அதிகாரி கேட்டார். கிராணி ஆமாம் என்றார், குரலில் உறுதி இல்லை. அப்படியானால் இந்தப் படம் என்ன, இந்த வேஷம் என்ன என்று அதிகாரி கேட்டார். பேசிக்கொண்டே மோவாயில் எதையோ சொறிந்துகொண்டிருந்தார். கிராணி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். அதிகாரி சார்ஜனைப் பார்த்துத் தலையசைத்தார். சார்ஜன் தயங்கித் தயங்கி என் பக்கம் ஒரு அடி வைத்தார்.

அம்மா வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"படந்தான் பொய்யி தொரே. மூஞ்சி நெசம். பென்சிலு போடச் சொன்னது நானு. கொண்டு போறதுனா என்னையக் கொண்டு போங்க."

கிராணி முகம் வெளுத்துவிட்டது. வார்த்தைக்கு வார்த்தை சொன்னாரோ, கொஞ்சம் குறைத்துச் சொன்னாரோ தெரியாது. அதிகாரி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். இவள் உன் மகள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்.

அம்மா முந்தானையை எச்சில் தொட்டு நனைத்து என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பெடாக் செஜுக் போயிற்று, புருவம் போயிற்று. முழுத் தோட்டமும் பார்க்க, சிவந்து வீங்கி, குழியும் குழியுமாக என் முகம் வெளியே வந்தது. வருஷக்கணக்காக வெக்கை வெக்கை என்று மூடிவைத்த முகம். அம்மா அதில் விரலை வைத்தாள்.

இது முதல் பரு, அம்மன் கோயில் திருவிழாவுக்கு முந்தின வாரம் வந்தது, காவடி பார்க்கப் போகாமல் அழுதாள். இது நிரையில் நின்று கிள்ளியது. இது நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிள்ளியது, கையில் ஒரு அடி வைத்தேன். இது மழையில் வேலையில்லாமல் வீட்டில் இருந்தபோது கிள்ளியது, சீழ் பிடித்து டிரஸ்ஸரிடம் போனோம், அவரையே கேளுங்கள். விரல் ஒவ்வொரு குழியாக இறங்கிக்கொண்டே வந்தது. அம்மா என் கன்னத்தைப் பார்க்கவே இல்லை. அதிகாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். விரலுக்கு வழி தெரிந்திருந்தது. இத்தனை காலமும் இவள் பார்வை ஏன் என் கன்னத்துக்கு இறங்கியது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெட்கத்தால் இல்லை. ஒன்றைக்கூட விடாமல் கூடவே இருந்திருக்கிறாள்.

கிராணி மொழிபெயர்க்கத் திணறினார். அதிகாரி கேட்டுக்கொண்டே மோவாயைச் சொறிந்தார். அம்மா சட்டென்று நிறுத்தினாள். அவர் மோவாயை உற்றுப் பார்த்தாள். சிவப்பாக, பெரிதாக, பழுத்து ஒரு பரு.

"கிள்ளாதீங்க தொரே," என்றாள், எனக்குச் சொல்கிற அதே குரலில்.

அவள் என்ன சொன்னாள் என்று அதிகாரி கேட்டார். கிராணி கேட்காததுபோல் இருந்தார். அதிகாரி மறுபடியும் கேட்டார். கிராணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரியின் கை மோவாயிலிருந்து மேசைக்கு இறங்கியது. காதுவரை சிவந்துவிட்டார். பின்வரிசையில் அண்ணிதான் முதலில் சிரித்தாள். பிறகு சார்ஜன். அதிகாரி கார்டைத் திருப்பிப்போட்டார். அவருக்கும் எங்கோ ஒரு தாயார் இருந்திருக்கவேண்டும், பேனாவைத் திறந்தார்.

கார்டின் பின்பக்கம் ஏதோ எழுதி முத்திரை குத்தினார். கிராணி படித்துச் சொன்னார்: படத்தில் தெளிவில்லை, புதுப் படம் எடுக்கவேண்டும், அதுவரை அடையாளம் இரு கன்னங்களிலும் அம்மைத் தழும்பு. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. என் பெண்ணுக்கு அம்மையே வந்ததில்லை, பரு என்று எழுதச் சொல்லுங்கள் என்றாள். அதிகாரி அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

கார்டு என் கைக்கு வந்தது. அம்மாவை யாரும் எங்கும் கொண்டுபோகவில்லை. சார்ஜன் கேட்டைத் திறந்துவிட்டார். நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டதால் நானும் அம்மாவும் மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு செம்மண் பாதையில் நடந்தோம். அவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று போனாள். நான் ஓடிப் பிடித்தேன். ஜெயிலில் போட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். போயிருப்பேன் என்றாள், நடையைக் குறைக்காமல். கொஞ்ச தூரம் போனபின் தானாகவே பேசினாள்.

"அந்தக் கார்டு வந்தன்னைக்கே எனக்குப் பகீர்ன்னுச்சு. எம்மவ எங்கன்னு தேடுனேன். உங்கப்பாவுக்குத்தான் ஒரு படமும் இல்லாமப் போச்சு. உன்னைய எங்கயாவது கொண்டு போயிட்டாங்கன்னா, இந்தப் படத்த வச்சிக்கிட்டு நான் யாருன்னு போயித் தேடுவேன்?"

கல்யாண வயதுப் பெண், புருவமில்லாத பெண், சின்னப் பிள்ளைபோல் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு முதல் மரம் வரைக்கும் நடந்தேன்.